நாலு பல் பூண்டு

சமையல் புத்தகத்தை நீங்களெல்லாம் எப்படிப் படிப்பீர்களோ தெரியாது. நான் பக்கத்தின் அடியிலிருந்து படிப்பேன். போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு அலமாரி முழுக்க வாங்கி அடுக்கியிருக்கிறாள். இத்தாலிக்காரர்கள் சமைப்பது, மெக்சிகோக்காரர்கள் சமைப்பது, செட்டிநாடு, மலபார், காஷ்மீர் என்று ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, படங்களைப் பார்க்காமல், கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். "என்னம்மா, அச்சுப்பிழை தேடறியா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபமாக வரும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். செங்கம் ரோட்டில் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான் அதிகம். எப்போதாவது போகும் பஸ்ஸுக்குப் பின்னால் எழும்பும் புழுதி அடங்க நேரமாகும். அப்பாவுக்கு அங்கே மல்லாட்டை மண்டி. வேர்க்கடலை என்று புத்தகத்தில் படித்ததோடு சரி, வாயில் எங்களுக்கு அது மல்லாட்டைதான். வீட்டில் பாயை உதறினாலும் மல்லாட்டைத் தோல் விழும்.

நாங்கள் சமணர்கள். "சேட்டு வூடா நீங்க?" என்று பள்ளியில் கேட்பார்கள். இல்லை, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஏர் ஓட்டிய தமிழ்ச் சனங்கள்தான், கிராமத்தில் எங்களுக்கென்று ஒரு கோயில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போகும். கிணற்றுத் தண்ணீரைத் துணியை மடித்துப் போட்டு வடிகட்டித்தான் குடிப்போம். பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவோம். மண்ணுக்குள் விளையும் கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் வீட்டுக்குள் வராது. எங்கள் சனத்திலேயே பல வீடுகளில் வெங்காயத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். எங்கள் வீடு இறங்கவில்லை. அப்பாவின் அண்ணன், பெரியப்பா, கிராமத்தில் கோயில் தர்மகர்த்தா. அவர் உயிரோடு இருக்கும்வரை இறங்க முடியாது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான நாலாம் வருஷம் புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கு விவரம் தெரிந்தபோது அம்மாவின் சமையல்கட்டு அவளுடையதாகியிருந்தது. அவள் வைத்த பச்சை மல்லாட்டைக் குழம்பு இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ஈர மல்லாட்டை, புளி, மிளகு, கறிவேப்பிலை, கடைசியில் நல்லெண்ணெயில் பொரிந்த பெருங்காயம். அந்த வாசனை வந்தால் பள்ளிக்கூடப் பையைத் தெருவிலேயே கழற்றிவிடுவேன்.

நோன்பு இருப்பவர்கள் மறுநாள் காலையில் சாப்பிட்டு நோன்பை முடிப்பதற்கு எங்களில் பாரணை என்று பெயர். பட்டினி கிடந்த உடம்பில் இறங்கும் முதல் கவளம் சுத்தமாக இருக்க வேண்டும். தப்பான கையிலிருந்து வந்தால் இருந்த நோன்பே வீண். அதனால் யார் வீட்டுப் பாரணைக்கும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். தாலி இழந்தவள் என்று கல்யாணத்தில் பின்கட்டுக்கு அனுப்பும் அதே பெண்கள், இதற்கு மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள். "உங்க கையால வெச்சாதான் எனக்குத் திருப்திங்க" என்பார்கள். அத்தை அவசரமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவாள். வீட்டிலும் சனத்திலும் அவளுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளைக்காரம்மா வந்தது எனக்குப் பதினோரு வயதில். ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தார். வீட்டுக்காரர் எங்கள் மண்டிக்கு வருகிறவர். அவர்தான் கூட்டிவந்தார். அந்தம்மா சமையல் புத்தகம் எழுதுகிறாராம். கோயில் ஊர்களில் சாதாரண வீடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தேசம் தேசமாகப் போய்ப் பார்க்கிறாராம். துருக்கியில் ரொட்டி சுடுகிறவர்களோடு இருந்தாராம். எங்கள் ஊரில் அதற்குள் ஒரு பாய் வீட்டில் பிரியாணி கற்றுக்கொண்டிருந்தார். பிரியாணி பற்றி அவர் அத்தையிடம் ஆசையாகச் சொன்னதை நான் தமிழில் சொல்லவில்லை.

ஆமாம், மொழிபெயர்த்தது நான்தான். வீட்டில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நான் மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். அது பாடத்தை ஒப்பிக்கிற இங்கிலீஷ். அந்தம்மா பேசியதோ மூக்கிலும் தொண்டையிலுமாக வந்தது. பத்து வார்த்தையில் மூன்று பிடிபடும். மீதியை நானே சமைத்தேன். ஒன்றுமே புரியாவிட்டால் "நல்லாருக்குதாம்" என்று சொல்லிவிடுவேன். அத்தை சிரித்துத் தலையசைப்பாள், அந்தம்மாவும் சிரிப்பார், வேலை நடக்கும். அப்பா மண்டியில் உட்கார்ந்துகொண்டு, "எம் பொண்ணு வெள்ளக்காரங்ககிட்டயே தஸ்ஸு புஸ்ஸுனு பேசுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் வந்திருப்பார். செருப்பை வெளியில் விட்டு, கால் கழுவி, அத்தை காட்டிய பலகையில் நீண்ட கால்களை மடக்க முடியாமல் மடக்கி உட்காருவார். கையில் ஒரு குட்டித் தராசு. அத்தை கைப்பிடியாக எடுத்துப் போட இருந்த உப்பை நிறுத்தி, தராசில் கொட்டச் சொல்லி எழுதிக்கொள்வார். ஒருநாள் விளையாட்டாக மூன்று தடவை உப்பை எடுக்கச் சொன்னார். மூன்று தடவையும் முள் ஒரே கோட்டில் நின்றது. அந்தம்மா அத்தையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தைக்கு வெட்கம். "விடச் சொல்லுடி" என்றாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கையை அப்படி யாரும் பிடித்துப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்பும் இல்லை.

இன்னொரு நாள் அந்தம்மா ஒரு மல்லாட்டையைத் தூக்கிக் காட்டி, தரையைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். மண்ணுக்குள் இருப்பதைத் தின்னமாட்டோம் என்றீர்களே, இது மட்டும் எப்படி என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "பூவு வெளியிலதான் பூக்குது. வெய்யிலு காத்து எல்லாம் பாத்துட்டு அப்புறம்தான் பிஞ்சு மண்ணுக்குள்ள எறங்குது. அது வேரு இல்ல, விதை. பொறந்த வூடு மேல, வாக்கப்பட்ட வூடு கீழ. சொல்லு அவங்களுக்கு."

"ஃப்ளவர் அப், நட் டவுன்" என்றேன். அந்தம்மா அதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினார்.

பெருங்காய நாளைத்தான் சொல்ல வேண்டும். மல்லாட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை பெருங்காய டப்பாவைத் திறந்து நீட்டினாள். அந்தம்மா முகர்ந்து, முகத்தைச் சுளித்து, சிரித்து, டப்பாவைக் காட்டி அத்தையிடம் நீளமாக ஏதோ சொன்னார். முடிவில் கேள்வி மாதிரி குரலை உயர்த்தி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடி கேக்கறாங்க?"

எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தெருவில் நொண்டி விளையாட ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "நல்ல வாசனையா இருக்குதாம் அத்தே" என்றேன். அத்தை அந்தம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வாசனைக்கு எதற்குக் கும்பிடுகிறார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. விளையாடப் போய்விட்டேன்.

கடைசி நாள் அத்தையை அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு உட்கார வைத்துப் படம் எடுத்தார். தீபத்துக்குக் கூட்டம் சேர்வதற்கு முன் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கனமான, வழவழப்பான புத்தகம். கோணல் மாணலான தமிழில் "நன்றி" என்று எழுதிய ஒரு அட்டை. புரட்டினால் நடுவில் முழுப்பக்கத்துக்கு எங்கள் அத்தை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைக் கிராமத்திலிருந்து வரவழைத்தார். கோயிலில் பூஜை செய்யும் வாத்தியாரும் கூட வந்தார். உறவுப் பெண்கள் நாலைந்து பேர். அத்தை எல்லாருக்கும் பானகம் கொடுத்துவிட்டுச் சமையல்கட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அன்றைக்குத் துவைத்த புடவை கட்டியிருந்தாள்.

"படி பாப்பா" என்றார் அப்பா.

நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு சாமானாக உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். பச்சை மல்லாட்டை. புளி. மிளகு. பெண்கள் அத்தையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். படிக்கிற வேகத்தில் அடுத்ததையும் படித்துவிட்டேன். "பூண்டு, நாலு பல்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. பட்டியலுக்குப் பக்கத்தில் கோட்டுப் படமாக ஒரு பூண்டு வேறு வரைந்திருந்தது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அது தெரிந்தது.

"இன்னொரு தபா படி" என்றார் பெரியப்பா. படித்தேன்.

"ஏம்மா, நீ சொல்லாமயா அவ எழுதுனா?"

"நான் சொல்லலண்ணா. பெருங்காயம்தான் சொன்னேன். பாப்பா கூடவே இருந்துச்சி, கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பெருங்காயம்னுதான் சொன்னாங்க பெரியப்பா" என்றேன்.

"கொழந்த அத்தைக்குப் பரிஞ்சி பேசுது" என்றார் பெரியப்பா. வாத்தியார் புத்தகத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தினி பேருக்குப் பாரணை வெச்ச கை" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் கூடத்திலிருந்த பெண்களின் முகம் மாறியது. இத்தனை வருஷம் எதைச் சாப்பிட்டோமோ என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க அடியில பொடியா எழுதியிருக்குதே. காத்துல சாஞ்ச கேவுருக் கதிரு மாதிரி. அது இன்னா பாப்பா?"

குனிந்து பார்த்தேன். சாய்ந்த எழுத்தில் மூன்று நாலு வரி. எங்கள் பாடப் புத்தகத்தில் அந்த மாதிரி எழுத்து கிடையாது. ஒன்றிரண்டு சின்ன வார்த்தை தெரிந்தது, வாக்கியம் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. சுற்றி எல்லாரும் காத்திருக்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பா ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட பெண்ணல்லவா நான்?

"அது ஒண்ணுமில்ல அத்தே. அச்சாபீஸ் பேரு."

"இவ்ளோ நீளமாவா?"

"அட்ரஸும் சேத்து."

அத்தை விரலை எடுத்துக்கொண்டாள். அன்று நான் சொன்ன நிஜத்தை ஒருவரும் நம்பவில்லை. சொன்ன பொய்யை அத்தைகூட நம்பினாள்.

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அடுத்த நோன்புக்கு ஒரு உறவுப் பெண் எங்கள் வீட்டிலேயே பாரணைக்கு உட்கார்ந்தாள். அம்மாதான் சமைத்தாள். அத்தை பழக்கதோஷத்தில் சோற்றுக் கரண்டியோடு வந்துவிட்டாள். அந்தப் பெண் இலையின் மேல் கையை விரித்து மறைத்து, "போதுங்க, போதும்" என்றாள். இலையில் உப்புகூட வைத்திருக்கவில்லை. அத்தை கரண்டியோடு திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. பெரியப்பா சொன்னார் என்று, அத்தை புழங்கிய பாத்திரங்களைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். தண்ணீர் வடிகட்டும் துணியையும் மாற்றினார்கள். அத்தை கிணற்றடியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அந்த அரிசியை அம்மா மறுபடி ஒருமுறை புடைப்பாள், அத்தை பார்க்கும்படியே. எல்லாரும் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். வீட்டில் பெரிய நோயாளி இருந்தால் பேசுவார்களே, அப்படி.

கொஞ்ச மாதத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட கிராமத்தில் இருந்த கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். பெட்டியில் வைக்க அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். "அந்தப் பீடைய எடுத்துக்கினே போ" என்றார் அப்பா. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படி பாப்பா" என்றாள். அவள் மனசில் ஒன்றும் இல்லை. என்னைப் படிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அந்த வார்த்தை இன்றைக்கும் வேறு மாதிரி கேட்கிறது.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு போஸ்ட் கார்டு வந்தது. என் பேருக்கு வந்த முதல் கடிதம். பாதி கார்டு தமிழ்.

"பாப்பாவுக்கு அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அடுப்புப் பக்கம் இங்கேயும் போவதில்லை, அவர்களுக்கும் விஷயம் தெரியும். அந்தப் புத்தகத்தில் அடியில் இருக்கிற பொடி எழுத்தை அப்படியே பார்த்து வரைந்திருக்கிறேன். மற்ற பக்கங்களை எல்லாம் புரட்டிவிட்டேன், எதிலும் இப்படி இல்லை. அச்சாபீஸ் பேர் என்றால் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டாமா. நீ இப்போது பெரிய வகுப்பு. நல்லாப் பார்த்துச் சொல்லு."

மீதிப் பாதியில் இங்கிலீஷ். எழுத்து தெரியாதவள் கோலம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு வளைவையும் சாய்வையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். ஒரு புள்ளிகூட விடவில்லை. இந்தத் தடவை எனக்குப் படிக்க முடிந்தது.

"பெருங்காயம் கிடைக்காதவர்களுக்காகப் பூண்டைச் சேர்த்தது நான். எனக்கு இதைச் சொல்லித்தந்த பெண்ணின் வீட்டுக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை. அப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையசைத்தார்."

இவ்வளவுதான். இதை அப்பாவிடம் காட்டியிருந்தால் போதும். அடுத்த பஸ்ஸில் போய் அத்தையைக் கூட்டிவந்திருப்பார். பெரியப்பாவே வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார், அவர் அப்படிப்பட்ட மனுஷர்தான். ஆனால் காட்டினால், அந்தம்மா கேட்டதை அத்தையிடம் சொல்லாமல் விட்டது யார் என்றும் கேட்பார்கள். அச்சாபீஸ் பேர் என்று சொன்னது யார் என்றும் கேட்பார்கள். கார்டைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பங்குனி போனது, சித்திரை போனது.

வைகாசியில் செய்தி வந்தது. காய்ச்சல் என்றார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பில் ஒன்றும் இல்லை, அதனால் தாங்கவில்லை என்றார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. பெட்டியையும் புடவைகளையும் அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். புத்தகம் எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டப் போனதோ. அதன் பேர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. எந்தக் கடையில் சமையல் புத்தகத்தைப் பார்த்தாலும் புரட்டிப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷம் கழித்து, பெரியப்பா காலமான பிறகு, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பூண்டு ரத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். பாலில் நாலு பல் வேகவைத்து அம்மா தினமும் காலையில் கொடுத்தாள். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். "மருந்துதானே, தப்பில்ல" என்பார். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, வாத்தியார் இல்லை. இலையை மறைத்த அந்தப் பெண்ணும் இல்லை. யாரிடம் சொல்லி அத்தைக்கு அவள் இடத்தை வாங்கித்தர வேண்டுமோ அவர்கள் ஒருவரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். எங்கள் சனத்தைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து நாலு பேரிடம் சொல்லுங்கள், எங்கள் அத்தை வைத்த குழம்பில் பூண்டு இல்லை.

கார்டு என்னிடம் இருக்கிறது. மஞ்சள் ஏறிவிட்டது, மசி அழியவில்லை. முகவரி எழுதுகிற பக்கத்தில், ஓரமாக இடுக்கிக்கொண்டு ஒரு வரி சேர்த்திருக்கிறாள். "அவசரமில்லை. பரீட்சை முடிந்ததும் எழுது."

அத்தே, அது அச்சாபீஸ் பேரு இல்ல.